'ஓ.டி' என்றால் ஆபரேஷன் தியேட்டர் மட்டும்தானா? ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது. சரியான நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு போனதால் உயிர் பிழைத்துவிடுகிறார். பிசியோதெரபி கொடுக்கப்படுகிறது, மெதுவாக நடக்கவும் ஆரம்பிக்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்த முதல் நாளே சிக்கல். கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை. சட்டை பட்டன் போட வரவில்லை. பாத்ரூமில் தனியாக உட்கார்ந்து எழ முடியவில்லை.

"நடக்கிறாரே, அப்புறம் என்ன?" என்று உறவினர்கள் கேட்பார்கள். ஆனால் குளிக்க, சாப்பிட, உடை மாற்ற இன்னொருவர் வேண்டும் என்ற நிலையில் அந்தக் குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்க வேண்டி வரும்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதுதான் பி.ஓ.டி எனப்படும் பேச்சலர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி. பிளஸ் டூ முடித்தவர்களில் பலருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இதில் என்ன படிக்கிறார்கள், யார் சேரலாம், சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பெயரே ஏன் குழப்புகிறது?

'ஆக்குபேஷன்' என்றதும் வேலை, தொழில் என்றுதான் தோன்றும். தமிழிலும் தொழில்வழி சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என்று பல விதமாக எழுதுகிறார்கள். அதனால் 'வேலை வாங்கித் தருகிற பயிற்சி போல' என்று நினைப்பவர்கள் உண்டு.

இந்தத் துறையில் 'ஆக்குபேஷன்' என்பது ஒரு மனிதர் தன் நாளை நிரப்பும் எல்லாச் செயல்களையும் குறிக்கும். பல் துலக்குவது, சமைப்பது, பள்ளிக்குப் போவது, பஸ் ஏறுவது, கோலம் போடுவது, பேரனோடு விளையாடுவது, சம்பளத்துக்கு வேலை பார்ப்பது எல்லாமே இதில் அடக்கம். ஒரு குழந்தைக்கு விளையாட்டுதான் ஆக்குபேஷன்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. மருத்துவமனையில் 'ஓ.டி' என்றால் ஆபரேஷன் தியேட்டர். ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பத்துக்குத் தனியாக பி.எஸ்சி படிப்பு இருக்கிறது. அது வேறு, பி.ஓ.டி வேறு. கவுன்சிலிங்கில் பெயரை மட்டும் பார்த்துத் தேர்வு செய்தால், படிக்க நினைத்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆகிவிடும்.

பிசியோதெரபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சுருக்கமாகச் சொன்னால், பிசியோதெரபி உடலின் அசைவு, வலிமை, வலி ஆகியவற்றில் கவனம் வைக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி, அந்த உடலை வைத்து அந்த நபர் தன் நாளை எப்படி நடத்துகிறார் என்பதில் கவனம் வைக்கிறது.

தோள்பட்டை எவ்வளவு தூரம் உயர்கிறது என்பதை இருவருமே அளப்பார்கள். ஆனால் அந்தத் தோளை வைத்துக்கொண்டு தலை வார முடிகிறதா, மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க முடிகிறதா, முடியாவிட்டால் அலமாரியைக் கீழே இறக்கலாமா என்பது வரை போவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் வேலை. ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்பதில்லை. பக்கவாதம், முதுகுத்தண்டு காயம் போன்றவற்றில் இரண்டுமே தேவைப்படும்.

இன்னொரு முக்கிய வித்தியாசம், மனநலம். மனநல சிகிச்சையில் ஆக்குபேஷனல் தெரபிக்கு ஆரம்பத்திலிருந்தே இடம் உண்டு. சொல்லப்போனால் இந்தத் துறை வேர் விட்ட இடங்களில் மனநல மருத்துவமனையும் ஒன்று.

இந்தப் படிப்பு எப்படி வந்தது?

1917-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இந்தத் துறைக்கான முதல் சங்கம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டன், கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பார்டன், எலினார் கிளார்க் ஸ்லேகிள் ஆகியோர் முக்கியமானவர்கள். முதல் உலகப் போரில் காயமடைந்து திரும்பிய வீரர்களை மறுபடியும் வாழ்க்கைக்குக் கொண்டுவர வேண்டிய தேவை, இந்தத் துறையை வேகமாக வளர்த்தது.

இந்தியாவில் இதற்கு அடித்தளம் போட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து பம்பாயில் வாழ்ந்தவர். பம்பாய் கே.இ.எம் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பணியிலிருந்து 1950-ல் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளி உருவானது. 1952-ல் உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது அதில் இருந்த 10 நிறுவன நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்தைப் பற்றிப் பேசினால் வேலூர் சி.எம்.சி-யைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனார். ஆனாலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டதற்கு அவரே காரணம்.

நான்கரை ஆண்டில் என்ன படிக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் பி.ஓ.டி என்பது நான்கு ஆண்டு படிப்பு, ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சி என மொத்தம் நான்கரை ஆண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. பாடங்களின் வரிசை பல்கலைக்கழகத்துக்கு ஏற்ப மாறலாம். பொதுவான அமைப்பு இதுதான்:

முதல் ஆண்டு: உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், ஆக்குபேஷனல் தெரபியின் அடிப்படைகள். எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றையும் மற்ற மருத்துவப் படிப்புகளைப் போலவே படிக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு: நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், உடல் அசைவின் இயக்கவியல். ஒரு தசையின் வலிமையை, மூட்டின் அசைவை எப்படி அளப்பது என்ற செய்முறைப் பயிற்சியும் உண்டு.

மூன்றாம் ஆண்டு: பொது மருத்துவம், எலும்பியல், நரம்பியல், மனநல மருத்துவம் போன்ற மருத்துவப் பாடங்கள். ஒவ்வொன்றிலும் ஆக்குபேஷனல் தெரபியின் பங்கு என்ன என்பது கூடவே வரும்.

நான்காம் ஆண்டு: குழந்தைகள், நரம்பியல், மனநலம், சமூக அளவிலான மறுவாழ்வு, ஆராய்ச்சி முறை, புள்ளியியல். பெரும்பாலும் ஒரு சிறிய ஆய்வுத் திட்டமும் செய்ய வேண்டியிருக்கும்.

உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரத்தின்படி, மாணவர் ஒருவர் நேரடிக் களப்பயிற்சியாக 1,000 மணி நேரமாவது முடித்திருக்க வேண்டும். வகுப்பில் மட்டும் உட்கார்ந்து முடிக்கிற படிப்பு இல்லை இது.

இந்தப் படிப்புக்கே உரிய திறமை எது?

'செயல் பகுப்பாய்வு' என்று ஒன்றைச் சொல்லித் தருகிறார்கள். நாம் யோசிக்காமல் செய்யும் ஒரு காரியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது.

சாதம் பிசைந்து சாப்பிடுவதையே எடுத்துக்கொள்வோம். முதலில் சாயாமல் உட்கார வேண்டும். கை தட்டு வரை நீள வேண்டும். சூடு உணர வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர வேண்டும். எடுத்த கவளம் சிதறாமல் வாய் வரை போக வேண்டும். இதில் எந்தப் படியில் தடை இருக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் எதற்குப் பயிற்சி கொடுப்பது என்பது தெரியும்.

சில நேரம் தடை கையிலேயே இருக்காது. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட சிலர், தட்டின் இடது பக்கம் இருக்கும் பொரியலைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். கண்ணில் கோளாறு இருக்காது. இடது பக்கத்தை மூளை கவனிக்காமல் விட்டுவிடுகிறது. 'சாப்பாடு பிடிக்கலையோ' என்று வீட்டில் நினைப்பார்கள். இதைக் கண்டுபிடிக்கவும், கவனத்தை இடப்பக்கம் திருப்பப் பழக்கவும் படிப்பு வேண்டும்.

எவ்வளவு முன்னேற்றம் என்பதையும் குத்துமதிப்பாகச் சொல்ல முடியாது. உதாரணமாக, 1965-ல் வெளியான பார்தெல் அளவுகோல் இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. சாப்பிடுவது, குளிப்பது, உடை அணிவது, கழிப்பறை செல்வது, படி ஏறுவது என 10 செயல்களுக்கு மதிப்பெண் போட்டு, மொத்தம் 100-க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். இதுபோன்ற பல அளவுகோல்களைப் பயன்படுத்த மாணவர்கள் பழகுகிறார்கள்.

கைவேலையும் உண்டு. வெந்நீரில் போட்டால் இளகும் ஒருவகை பிளாஸ்டிக் தகட்டை நோயாளியின் கையில் வைத்து, அந்தக் கையின் வடிவத்துக்கே ஸ்பிளிண்ட் செய்வார்கள். தீக்காயத்தில் தோல் இறுகிப் போவது, நரம்பு பாதித்து விரல் மடங்கிப் போவது போன்றவற்றில் இது அவசியம்.

வீட்டையும் அளக்கக் கற்கிறார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடும்போது, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுவான கணக்கு. வாசல் படி ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி நீளம் தேவை. அந்த இடம் இல்லாத வீட்டில் வேறு என்ன செய்யலாம் என்று யோசிப்பதும் பாடம்தான்.

எங்கெல்லாம் இவர்கள் தேவைப்படுகிறார்கள்?

குழந்தைகள்: மூளை முடக்குவாதம், ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகப் பயிற்சி. பென்சில் பிடிப்பது முதல் தானாகச் சாப்பிடுவது வரை.

மனநலம்: மனச்சிதைவு போன்ற நோய்களில் மருந்து அறிகுறிகளைக் குறைக்கும். ஆனால் காலையில் எழுந்து, குளித்து, ஒரு வேலையில் உட்காரும் பழக்கம் தானாகத் திரும்பாது. பெங்களூரு நிமான்ஸ் போன்ற மனநல நிறுவனங்களில் பேக்கரி, மெழுகுவர்த்தி செய்வது போன்ற தொழிற்பயிற்சிகள் இருப்பது இதனால்தான்.

கை சிகிச்சை: இயந்திரத்தில் கை சிக்கியவர்கள், தசைநாண் அறுந்து தைக்கப்பட்டவர்கள். அறுவை சிகிச்சை நன்றாக நடந்தாலும், அதற்குப் பிந்தைய பயிற்சி சரியில்லை என்றால் விரல் விறைத்துப் போகலாம்.

முதியவர்கள்: விழாமல் வீட்டை மாற்றி அமைப்பது, மறதி நோய் உள்ளவர்களுக்கு அன்றாட வழக்கத்தை எளிமையாக்குவது.

இதைத் தவிர, சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், மறுவாழ்வு மையங்கள் ஆகியவற்றிலும் பணி உண்டு. தனியாக கிளினிக் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மேற்படிப்பாக எம்.ஓ.டி இரண்டு ஆண்டுகள். குழந்தைகள், நரம்பியல், எலும்பியல், மனநலம் போன்ற பிரிவுகளில் சிறப்புப் பயிற்சி பெறலாம்.

ரெக்ரியேஷனல் தெரபி என்றால் என்ன?

விளையாட்டு, இசை, ஓவியம், தோட்டவேலை, நீச்சல் போன்றவற்றைத் திட்டமிட்டுச் சிகிச்சையாகப் பயன்படுத்துவதுதான் ரெக்ரியேஷனல் தெரபி. பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்துவது இல்லை. யாருக்கு எந்தச் செயல், எந்த நோக்கத்துக்கு, என்ன முன்னேற்றம் என்று பதிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் இது தனிப் பட்டப்படிப்பு. 1981-ல் தொடங்கப்பட்ட தேசியச் சான்றளிப்பு அமைப்பு, தேர்வு நடத்திச் சான்று தருகிறது. இந்தியாவில் இது பெரும்பாலும் ஆக்குபேஷனல் தெரபி, மனநல மறுவாழ்வு ஆகியவற்றுக்குள் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் யார் சேரலாம்?

பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது தாவரவியல், விலங்கியல் படித்திருக்க வேண்டும். மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கு மாநில அரசின் தேர்வுக்குழு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கவுன்சிலிங் நடத்திவந்திருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், வேலூர் சி.எம்.சி போன்ற நிறுவனங்களின் சேர்க்கை முறை வேறு.

மத்திய அரசின் கீழ் ஒடிசா கட்டக் அருகே, கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் உள்ள தேசிய மறுவாழ்வு நிறுவனங்களிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. இவற்றுக்குப் பொது நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை நடந்துவந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. புதிய சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டம், படிப்புக் காலம், சேர்க்கை விதி ஆகியவை நாடு முழுவதும் ஒரே மாதிரியாக மாற்றப்பட்டு வருகின்றன. எனவே போன வருடம் சேர்ந்த அண்ணன், அக்கா சொன்னதை மட்டும் நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அந்தப் புதிய சட்டம் என்ன சொல்கிறது?

நீண்ட காலமாக ஆக்குபேஷனல் தெரபிக்கு டாக்டர்கள், நர்ஸ்களுக்கு இருப்பது போல தேசிய கவுன்சில் இல்லை. மகாராஷ்டிரா, டெல்லி போன்ற சில இடங்களில்தான் தனி கவுன்சில் இருந்தது. 1952-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கம், தானாக முன்வந்து கல்லூரிகளின் தரத்தைப் பார்த்துவந்தது.

2021-ல் தேசிய துணை மருத்துவம் மற்றும் உடல்நலப் பணியாளர்கள் ஆணையச் சட்டம் வந்தது. இதன் அட்டவணையில் ஆக்குபேஷனல் தெரபி தனிப் பிரிவாக இருக்கிறது. உடல்நலத் தொழில்முறையாளர் என்று அழைக்கப்பட, 3 முதல் 6 ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். தகுதி உள்ளவர்களுக்கு மாநில, தேசியப் பதிவேடுகளும் உண்டு.

பெற்றோர் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்த 3,600 மணி நேரம் மாணவர்களுக்கு மட்டுமான கணக்கு இல்லை. குழந்தைக்கு ஆட்டிசம் அல்லது வளர்ச்சித் தாமதம் என்று தெரிந்தவுடன் பெற்றோர் அலைய ஆரம்பிக்கிறார்கள். 'தெரபி சென்டர்' என்ற போர்டு இன்று பல ஊர்களில் இருக்கிறது. ஆனால் உள்ளே தெரபி கொடுப்பவர் பட்டம் படித்தவரா, சில வார சான்றிதழ் வகுப்பு முடித்தவரா என்பது போர்டைப் பார்த்தால் தெரியாது.

ஊஞ்சல், பெரிய பந்து, கலர் பாய் எல்லாம் யார் வேண்டுமானாலும் வாங்கி வைக்கலாம். எந்தக் குழந்தையை எதற்காக ஊஞ்சலில் வைக்கிறோம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் படிப்பு. தவறான பயிற்சியில் பணம் மட்டும் போவதில்லை. மூளை வேகமாக வளரும் ஆரம்ப வருடங்களும் போய்விடுகின்றன.

சேர்க்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

* குழந்தையைக் கையாளப் போகிறவரின் பட்டம் என்ன? எந்தப் பல்கலைக்கழகம்? பதிவு இருக்கிறதா?
* முதல் நாளில் முழு மதிப்பீடு செய்து எழுத்தில் தருவார்களா?
* அடுத்த மூன்று மாத இலக்கு என்ன? 'நல்லா முன்னேறும்' என்பது இலக்கு இல்லை. 'ஸ்பூனால் தானாகச் சாப்பிடும்' என்பது இலக்கு.
* வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவார்களா? தெரபி அறைக்குள் பெற்றோரை விடவே மாட்டோம் என்றால் காரணம் கேட்க வேண்டும்.
* 'ஆட்டிசத்தை முழுசா குணப்படுத்திடுவோம்' என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். ஆட்டிசம் குணப்படுத்தும் நோய் இல்லை. அந்தக் குழந்தை தன்னால் முடிந்தவரை சுயமாக வாழப் பழக்குவதுதான் நேர்மையான இலக்கு.

வெளிநாட்டு வேலை கிடைக்குமா?

வாய்ப்பு உண்டு. ஆனால் பட்டம் மட்டும் போதாது. பிரிட்டனில் ஹெச்.சி.பி.சி என்ற அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் என்.பி.சி.ஓ.டி தேர்வு, அதன்பின் மாநில உரிமம். 2007 முதல் அமெரிக்காவில் இந்தத் தொழிலில் நுழைவதற்கான படிப்பே இளநிலையைத் தாண்டிய பட்டமாக உயர்த்தப்பட்டுவிட்டது. அதனால் இந்திய பி.ஓ.டி-யுடன் நேராகப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், சேரும் முன்பே ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்தக் கல்லூரியின் படிப்புக்கு உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா? எல்லாக் கல்லூரிக்கும் இருப்பதில்லை.

யாருக்கு இந்தப் படிப்பு பொருந்தும்?

எம்.பி.பி.எஸ் கிடைக்கவில்லை, அதனால் இது என்று வருபவர்கள் அதிகம். அது தப்பில்லை. ஆனால் சேர்ந்த பிறகு வேலையின் இயல்பு ஒத்துப்போக வேண்டும். இங்கே முன்னேற்றம் மெதுவாக வரும். ஒரு நோயாளி ஒரு பட்டன் போட நான்கு வாரம் ஆகலாம். பொறுமை, பேசிப் பழகும் குணம், கையால் எதையாவது செய்து பார்க்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். நோயாளியின் கழிப்பறைப் பிரச்சினையைக் கூச்சமில்லாமல் பேச வேண்டியிருக்கும்.

சேரும் முன் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. பக்கத்தில் உள்ள மறுவாழ்வுப் பிரிவிலோ சிறப்புப் பள்ளியிலோ அனுமதி கேட்டு ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்: எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, களப்பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே மனநலம், குழந்தைகள் பிரிவுகள் இரண்டும் இருக்கின்றனவா. சொந்த மருத்துவமனையோ எழுத்துப்பூர்வமான மருத்துவமனை ஒப்பந்தமோ இல்லாத கல்லூரியில் அந்த 1,000 மணி நேரத்தை எங்கே முடிப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டணம் கட்ட வேண்டும்.